இருபத்தைந்து நிமிடம்

குவோபியோவில் பிப்ரவரி.
ஏரி உறைந்து அதன்மேல் கார் ஓடுகிறது.
நாங்களோ கட்டணம் கட்டிக்
கூரைக்குள் இருக்கும் பனிக்கு வந்திருக்கிறோம்.

ஒன்று ஐம்பதுக்கு அவள் தனி.
இரண்டு பதினைந்துக்கு அவளும் நானும் ஜோடி.
இரண்டுக்கும் ஒரே கால்கள்தான் என்று
அட்டவணை போட்டவருக்கு எழுதிப் பார்த்தோம்.
"விதியில் தடை இல்லை" என்று பதில் வந்தது,
வாழ்த்துகளோடு.

அவள் பையில் இரண்டு ஜோடி பூட்ஸ்.
ஒன்றின் பிளேடு நீளம், முனையில் பெரிய பற்கள்,
பனியைக் குத்தி எழும்ப.
மற்றதன் வால் குட்டை,
கூட ஆடுகிறவன் காலை வெட்டாதிருக்க.
எனக்காகக் குறைத்த இரும்பு இது என்று
ஒருமுறை பெருமைப்பட்டேன்.
"எவன் காலானாலும் இதே அளவுதான்" என்றாள்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
கையில் அவள் ஜாக்கெட்,
அதன் பையில் அவள் கடித்துவைத்த பாதி வாழைப்பழம்.
ஒலிபெருக்கி சொல்கிறது: வில்யா ஹுர்ஸ்கைனென்.
அடுத்து ஒரு "மற்றும்" வரும் என்று
என் காது காத்திருந்தது.
பழக்கதோஷம்.

தனியே அவள் வேறு ஆள்.
என்னோடு வரும்போது
பனியிடம் கேட்டுக் கேட்டு மிதிப்பாள்.
இப்போது கேட்பதில்லை.
லட்ஸ். இறங்கினாள்.
ஃப்ளிப். இறங்கினாள், தோள் கொஞ்சம் சாய்ந்து.
மார்போடு கைகளை இறுக்கிச் சுழல்கிறாள்.
இன்னொருவர் நுழைய அங்கே
ஒரு தாள் அளவுகூட இடமில்லை.
நான் குதிப்பதில்லை. பதிமூன்று வயதில்
கணுக்கால் எனக்கு அதைச் சொல்லிவிட்டது.
அதனால்தான் அண்ணாந்து பார்க்கிறேனோ என்னவோ.

பிறகு இரட்டை ஆக்செல்.
முகம் முன்னே போக எழும்பும் தாவல் அது ஒன்றுதான்.
போகிற இடம் தெரியும். வருகிற இடம்
தெரியாது.

வலது இடுப்பு.
பொத்தென்ற சத்தம்
தடுப்புப் பலகை வழியாக என் முழங்கைக்கு வந்தது.
இசை நிற்கவில்லை, அது எப்போதும் நிற்காது.
எழுந்தாள், இரண்டு எட்டில் தாளத்தைப் பிடித்தாள்.

அதன் பின் நடந்ததை
வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.
கடைசி வளைவில், அடவுகளுக்கு நடுவே,
அவள் இடது கை நீண்டது,
விரல் விரித்து,
நான் இருக்கும் பக்கம்.
அங்கே நான் இல்லை.
ஆறு மீட்டர் தள்ளி ஜாக்கெட்டோடு நின்றேன்.
கை வெறும் காற்றைப் பிடித்து
மெதுவாக மூடிக்கொண்டது.
நடுவர் ஒருவர் எதையோ குறித்தார்.
அழகென்று நினைத்திருக்கலாம்.

உடைமாற்றும் அறை. பதினான்கு நிமிடம்.
நீலம் போய்க் கறுப்பு வந்தது.
பயிற்சியாளர் தூலிக்கி பனிப்பையை அழுத்திக்கொண்டே
வாயால் ஹேர்பின் எடுத்தார்.
எங்கள் டேங்கோவில் பாதிக்கு மேல் கிலியன் பிடி.
என் வலது கை அவள் முதுகைச் சுற்றி
வலது இடுப்பில் போய் உட்கார வேண்டும்.
சரியாக அங்கேயே.

"இரண்டு விரல் கீழே வைக்கிறேன்" என்றேன்.
பூட்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னாள்:
"வைக்காதே. மாற்றினால் நான் யோசிப்பேன்.
யோசித்தால் நாம் இரண்டு பேரும் விழுவோம்."

வைத்தேன்.
துணிக்கு அடியில் அந்த இடம்
ரொட்டி அடுப்பு மாதிரி சுட்டது.
அதன்மேல் தன் கையை வைத்து
அவள் அழுத்தினாள், விதிப்படி,
விதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

தனியில் ஒன்பதாவது.
ஜோடியில் இரண்டாவது. வந்திருந்ததே மூன்று ஜோடி.

திரும்பும் வேனில் பிளேடுகளைத் துடைத்தாள்,
நீளமானதை முதலில்.
அந்த இடது கையைப் பற்றி நான் கேட்கவில்லை.
வாழைப்பழம் எங்கே என்று அவள்தான் கேட்டாள்.
அவள் விழுந்தபோதோ எழுந்தபோதோ,
எப்போது என்று தெரியாமல்
நான் அதைத் தின்றிருந்தேன்.